சுருள் படிக்கட்டில் ஏறியவர்கள்

நண்பர் ஒருவர் கட்டுரை எழுதியிருக்கிறார். கவிஞர், முற்போக்காளர், சாதி பார்க்காதவர். இந்தக் கடைசிப் பட்டத்தை அவரே தனக்குப் பல மேடைகளில் கொடுத்துக்கொண்டிருக்கிறார். சென்னைக்கு வந்தால் தான் வழக்கமாகத் தங்கும் திருவல்லிக்கேணி லாட்ஜைப் பற்றியும், அங்கே தன் மனசுக்குப் பிடித்துப்போன ஓர் அறையைப் பற்றியும் நாலு பக்கம் எழுதியிருக்கிறார். எந்த ஓட்டலிலும் பார்க்க முடியாத வித்தியாசமான அறையாம். ரயில் பெட்டி மாதிரி ஒடுங்கி நீண்டிருக்குமாம். தரையில் லேசான சரிவு. ஒரு பக்கச் சுவரில், தரையிலிருந்து ஒரு முழ உயரத்தில், வரிசையாக மூன்று சதுரக் குழிவுகள், விளக்கு வைக்கிற மாடம் போல. எல்லாவற்றுக்கும் மேலாக, பின்பக்கச் சந்திலிருந்து முதல் மாடியிலுள்ள அந்த அறைக்கு மட்டும் ஏறிப்போகிற இரும்புச் சுருள் படிக்கட்டு. ரிசப்ஷனைக் கடக்காமல், யார் கண்ணிலும் படாமல் வரலாம், போகலாம். ஒரு கவிஞனுக்கு இதைவிட என்ன சுதந்திரம் வேண்டும் என்று கேட்கிறார். அந்தக் காலத்துக் கைவினைஞனின் அழகுணர்ச்சி என்று படிக்கட்டுக்குத் தனியாக ஒரு பத்தி.

அந்த அறையில் நானும் ஒரு ராத்திரி தங்கியிருக்கிறேன். அதனால் இதை எழுத வேண்டியிருக்கிறது.

அது கக்கூஸ். எடுப்புக் கக்கூஸ். மூன்று கக்கூஸ்களின் தடுப்புச் சுவர்களை இடித்து ஒன்றாக்கி, சுண்ணாம்படித்து, ஒரு கட்டிலும் ஒரு மின்விசிறியும் மாட்டி 'சிங்கிள் ரூம்' என்று வாடகைக்கு விடுகிறார்கள். அந்தச் சரிவு மூத்திரம் ஓடுவதற்காகப் போட்டது. அந்த மாடங்களில் யாரும் விளக்கு வைத்ததில்லை. அவை வெளியே நின்று பீவாளியை இழுப்பதற்கான திறப்புகள், இப்போது செங்கல் வைத்து அடைத்திருக்கிறார்கள். அந்தச் சுருள் படிக்கட்டு, தோட்டி வீட்டுக்குள் கால் வைக்காமல் மாடிக்குப் போய்ப் பீயை எடுத்துக்கொண்டு இறங்குவதற்காகப் போட்டது. நண்பர் கவிதை எழுதுகிற ஜன்னலோரத்தில் என் சனங்கள் சாம்பல் தூவிக்கொண்டிருந்தார்கள்.

இதை நான் கண்டுபிடிக்கவில்லை. எம்.ஏ. தமிழ் படித்தவனுக்கு இதெல்லாம் கண்ணில் படாது. கண்டுபிடித்தவர் என் தாய்மாமன். பக்கத்து ஊர் நகராட்சியில் 31 வருஷம் துப்புரவுத் தொழிலாளியாக இருந்தவர். அதில் முதல் பத்து வருஷத்துக்கு மேல் எடுப்புக் கக்கூஸ் வேலை.

2024 ஆகஸ்டில் சென்னையில் ஓர் இலக்கிய அமைப்பு இரண்டு நாள் கருத்தரங்கு நடத்தியது. தலைப்பு: தலித் வாழ்வனுபவமும் எழுத்தும். நான் கட்டுரை வாசிக்க வேண்டும். மாமா தன் வேலை அனுபவத்தைப் பேச வேண்டும். இப்போதெல்லாம் இது ஒரு வழக்கமாகிவிட்டது. நாலு பேராசிரியர்கள் கோட்பாடு பேசுவார்கள், நடுவில் எங்க ஆள் ஒருத்தரை மேடையேற்றி அனுபவம் பேசச் சொல்வார்கள். கோட்பாடு அவர்களுக்கு, அனுபவம் நமக்கு. இந்தப் பங்கீட்டைப் பற்றி இன்னொரு சமயம் எழுதுகிறேன். தங்குவதற்கு லாட்ஜ் ஏற்பாடு செய்திருந்த தோழர் போனில் சொன்னார்: "ரொம்ப வசதியான இடம் தோழர். நடந்தா அஞ்சு நிமிஷத்துல பீச். மவுண்ட் ரோடு பக்கம். சாப்பாட்டுக்குத் தெருவுக்குப் பத்துக் கடை."

வசதிதான். மறுக்கவில்லை. திருவல்லிக்கேணியைப் போல வெளியூர்க்காரனுக்கு ஒத்துப்போகிற பேட்டை சென்னையில் வேறில்லை. வாலாஜா சாலையில் நின்றால் ஒரு கோடியில் கடல், மறுகோடியில் அண்ணா சாலை. பல்கலைக்கழகமும் மாநிலக் கல்லூரியும் நடை தூரம். கோட்டையும் சென்ட்ரலும் பஸ்ஸில் கொஞ்ச நேரம். வேலை தேடி வந்த எத்தனை தலைமுறைப் பையன்கள் இங்குள்ள மேன்ஷன்களில் ஒரு கட்டிலைப் பிடித்துக்கொண்டு தேர்வு எழுதியிருக்கிறார்கள், சினிமாவுக்கு அலைந்திருக்கிறார்கள். நகரத்துக்குப் போ, அங்கே யாரும் உன்னை என்ன ஆளுன்னு கேட்கமாட்டான் என்று நமக்குச் சொன்னார்கள். கிராமம் அறியாமையின் குகை என்று அம்பேத்கர் சொன்னதை ஏற்றுக்கொண்டு நாமும் பஸ் ஏறினோம். சரிதான். ஆனால் நகரத்தில் கேட்கவில்லை என்பதற்கும் தெரிந்துகொள்ளவில்லை என்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது ராத்திரி பத்து மணி. மேனேஜர் மரியாதையாகத்தான் பேசினார். "வாங்க சார், ஐடி கார்டு குடுங்க." ரெண்டு பேருடைய ஆதார் அட்டையையும் வாங்கினார். என்னுடையதில் தெருப்பேர் அம்பேத்கர் தெரு. மாமாவுடையதில் இன்னும் வெளிப்படை: ஆதிதிராவிடர் காலனி. திருப்பிப் பார்த்தார். நோட்டில் எழுதினார். ஜெராக்ஸ் எடுத்தார். யாரும் எதுவும் கேட்கவில்லை. எங்கள் ஊரில் டீக்கடைக்காரன் கேட்கிற "நீங்க எந்தப் பக்கம்? ஊரா, காலனியா?" என்ற கேள்விகூட இல்லை. அவசியமில்லையே. அரசாங்கமே அச்சடித்துக் கொடுத்திருக்கிறது.

"பின்பக்க ரூம் போட்டிருக்கேன் சார். சந்து வழியா ஏறிப் போயிடுங்க. இந்த வழியா வேணாம், மாடி க்ரில் பூட்டியிருக்கு."

சாவியை மேசையில் வைத்தார். கையில் கொடுக்கவில்லை. அதை நான் பெரிசுபடுத்தவில்லை, பல பேர் அப்படித்தான் வைப்பார்கள். ஆனால் எங்களுக்குக் கால் மணி நேரம் கழித்து அதே கருத்தரங்குக்கு இன்னொருவர் வந்தார். தெரிந்தவர்தான். தண்ணீர் பாட்டில் வாங்க நான் சந்தைச் சுற்றிக்கொண்டு முன்பக்கம் வந்தபோது பார்த்தேன். அதே க்ரில் கதவைத் திறந்துகொண்டு ரூம் பாய் அவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனான். இரண்டாம் மாடி, தெருவைப் பார்த்த அறை. வாடகை இரண்டுக்கும் ஒன்றுதான், 900 ரூபாய். மறுநாள் அமைப்பாளரின் பில்லில் பார்த்தேன்.

அந்தச் சந்தையும் சொல்ல வேண்டும். பழைய தெருக்களில் வீடுகளின் முதுகுக்குப் பின்னால் ஓர் ஆள் போகிற அகலத்தில் ஒரு சந்து ஓடும். தோட்டிச் சந்து என்பார்கள். தெருவுக்குப் பேர் வைத்தவர்கள் சந்துக்குப் பேர் வைக்கவில்லை, தொழிலின் பேரே போதும் என்று விட்டுவிட்டார்கள். வீட்டு முகப்பில் திண்ணை, கோலம், துளசி மாடம். முதுகில் எங்கள் வழி. ஒரே வீட்டுக்கு இரண்டு தெரு. சாதியை வரைபடத்தில் பார்க்க விரும்புகிற மாணவர்கள் கிராமத்துக்குப் போய் ஊரையும் சேரியையும் மட்டும் அளக்க வேண்டாம், இந்தச் சந்துகளையும் அளக்கலாம்.

மாமா படியில் கால் வைத்ததும் நின்றுவிட்டார். விளக்கு இல்லை. இரும்புக் கம்பியைத் தடவிப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. மேலே போய் அறையின் கதவைத் திறந்து லைட்டைப் போட்டதும் அந்த மூன்று மாடங்களைப் பார்த்தார். குனிந்து ஒன்றில் கையை வைத்து அளந்தார்.

"மாப்ள, கட்டில இந்தாண்ட இழு."

"ஏன் மாமா?"

"இது கக்கூசுடா. இங்க ஒண்ணு, இங்க ஒண்ணு, தோ அங்க ஒண்ணு. வெளியில அந்த இரும்புப் பலகை மேல நின்னுக்கினு, தகரத்தத் தூக்கி, இப்பிடிக் கைய வுட்டு வாளிய இழுப்போம். எங்க டவுன்ல கடைத்தெருவுல நாலு மாடி வூட்ல இப்பிடித்தான் இருந்திச்சி."

அப்புறம் தூக்கம் எங்கே? மாமா பேச ஆரம்பித்துவிட்டார். மறுநாள் மேடையில் பேசுவதற்கு வைத்திருந்ததையெல்லாம் அந்த ராத்திரியே பேசிவிட்டார். சுருள் படியில் வாளியோடு இறங்குவது எப்படி என்று சொன்னார். ஒரு கைதான் கம்பியைப் பிடிக்கலாம். வளைந்து வளைந்து இறங்கும்போது வாளி இரும்பில் இடிக்கும், தளும்பும். மேலே இருப்பவன் வாளி தளும்பினால் கீழே போகிறவன் தலையில் விழும். அதனால் மூத்தவர்கள் மேலே, புதுசாக வேலைக்கு வந்த பையன் கீழே. அவருக்கு வேலை கிடைத்த புதிதில் அவர்தான் கீழே. மழை நாளில் படி வழுக்கும். வயிற்றுப்போக்கு வந்த வீடு என்றால் வாசனையிலேயே தெரியும். கலியாண வீடு, கருமாதி வீடு எல்லாம் தெரியும். யார் வீட்டில் என்ன சமைத்தார்கள் என்று எங்களுக்குத் தெரிந்த அளவுக்கு அவர்கள் வீட்டு விருந்தாளிக்கே தெரியாது என்று சிரித்தார். வீட்டுக்காரம்மாவின் முகத்தைப் பத்து வருஷத்தில் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லையாம். தீபாவளிக்குப் படியின் கடைசித் தட்டில் பலகாரப் பொட்டலம் வைத்திருப்பார்களாம். மேலிருந்து ஒரு குரல் மட்டும் கேட்குமாம்.

கவிஞர் எழுதிய அந்தப் பத்திக்கு இதுதான் என் பதில். சுருள் படிக்கட்டு ஏன் சுருளாக இருக்கிறது? சந்தில் இடமில்லை, அதனால். ஏன் வீட்டுக்கு வெளியே இருக்கிறது? வீட்டுக்குள் நாங்கள் வரக் கூடாது, அதனால். யார் கண்ணிலும் படாமல் வந்து போகலாம் என்று அவர் மெச்சுகிறாரே, சரியாக அதற்காகத்தான் அது போடப்பட்டது, நாங்கள் யார் கண்ணிலும் படக் கூடாது என்பதற்காக. அவர் அனுபவிக்கிற சுதந்திரம் எங்களுக்குப் போட்ட விலக்கு. ஒரே படி, ஒரே இரும்பு. அழகியல் என்று இவர்கள் பேசும்போது, யார் நின்ற இடத்திலிருந்து என்று கேளுங்கள். மேலிருந்து பார்த்தால் அது பூங்கொடி மாதிரி சுற்றுகிறது. கீழேயிருந்து வாளியோடு நிமிர்ந்து பார்த்தவனிடம் யாரும் கேட்டதில்லை.

இன்னொன்று. அவருக்கு முன்வாசலும் உண்டு. வேண்டுமென்றால் ரிசப்ஷன் வழியாக வருவார், வேண்டாமென்றால் சந்து வழியாக வருவார். அவர் கேட்டு வாங்கிய பின்வாசலும் எங்களிடம் "இந்த வழியா வேணாம்" என்று சொல்லிக் காட்டிய பின்வாசலும் ஒன்றா?

கட்டுரை வந்ததும் அவருக்குப் போன் செய்தேன். வருத்தப்பட்டார், உண்மையாகவே வருத்தப்பட்டார். அப்புறம் சொன்னார்: "ஆனா சாதி பாத்துத்தான் உங்களுக்கு அந்த ரூமைக் குடுத்தாங்கன்னு எப்படிச் சொல்றீங்க? வேற ரூம் காலியில்லாம இருந்திருக்கலாம். அவர் சாதி பேரைச் சொன்னாரா? ரூம் இல்லைன்னு திருப்பி அனுப்பினாரா? எதுக்கும் ஆதாரம் வேணுமில்ல."

ஆதாரம். இந்தச் சொல்லைத்தான் எங்களுக்கு எதிரே எப்போதும் வைக்கிறார்கள். பீ எடுத்ததற்கு ஆதாரம் கேட்டார்கள், பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு போட்டோவுக்கு நிற்க வேண்டியிருந்தது. 1993-இல் உலர் கழிப்பிடங்களைத் தடைசெய்து சட்டம் போட்டார்கள். 2013-இல் மறுபடியும் ஒரு சட்டம் போட வேண்டி வந்தது. இடையில் எங்கள் ஊரில் அப்படி யாருமே இல்லை என்று அதிகாரிகள் எழுதிக்கொடுத்தபடி இருந்தார்கள். இல்லை என்று சொல்வதற்கு யாரும் ஆதாரம் கேட்டதில்லை.

சட்டம் படிக்காத நண்பருக்காகச் சொல்கிறேன். அரசியல் சட்டத்தின் 15(2) என்கிற பிரிவு, கடைகளிலும் உணவகங்களிலும் ஓட்டல்களிலும் சாதியின் பேரால் யாரையும் தடுக்கக் கூடாது என்கிறது. 17-ஆவது பிரிவு தீண்டாமையை ஒழித்தது. அதைச் செயல்படுத்த 1955-இல் ஒரு சட்டம் வந்தது, 1976-இல் அதற்குக் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் என்று பேர் மாறியது. அதில் 12-ஆவது பிரிவு ஒன்று இருக்கிறது, நம் வழக்கறிஞர்களிலேயே பலர் எடுத்துப் பேசுவதில்லை. அந்தச் சட்டப்படி குற்றமாகிற ஒரு காரியம் தாழ்த்தப்பட்டவருக்கு எதிராகச் செய்யப்பட்டிருந்தால், அது தீண்டாமை காரணமாகத்தான் நடந்தது என்று நீதிமன்றம் ஊகிக்க வேண்டும், இல்லை என்று மற்றவன்தான் நிரூபிக்க வேண்டும். 'ஆதாரம் எங்கே' என்று எங்களைக் கேட்கிறவர்களுக்கு இந்தப் பிரிவு தெரியாது. தெரிந்தாலும் சௌகரியப்படாது.

சட்டத்தையும் நான் கும்பிடவில்லை. ஓட்டலிலோ சத்திரத்திலோ தீண்டாமை காட்டினால் அந்தச் சட்டத்தின் 4-ஆவது பிரிவில் தண்டனை என்ன தெரியுமா? ஒரு மாதத்திலிருந்து ஆறு மாதம் வரை சிறை, கூடவே 100 ரூபாயிலிருந்து 500 ரூபாய் வரை அபராதம். அந்தக் கக்கூஸ் அறையின் ஒரு நாள் வாடகையே 900. மாடிக் கதவைப் பூட்டிவைப்பதற்கு ஆகிற செலவு பூட்டின் விலைதான்.

அந்த ராத்திரி மாமா தூங்கின பிறகு எனக்கு ஞாபகம் வந்தது பரோடா. அம்பேத்கர் தங்கிய விடுதி அறை. அவர் எழுதிவைத்திருந்த நினைவுக்குறிப்புகள் அவர் காலத்தில் வெளிவரவில்லை, 1990-இல்தான் சிறு நூலாக வந்தன. கொலம்பியாவில் படித்தவர், லண்டனில் படித்துக்கொண்டிருந்தவர், பரோடா அரசின் உதவிப்பணத்துக்காக அந்த சமஸ்தானத்தில் வேலை செய்ய 1917-இல் போகிறார். தங்க இடமில்லை. இந்து ஓட்டலில் விடமாட்டான். பார்சிகளுக்கான விடுதிக்குப் போகிறார். பார்சி இல்லை என்று தெரிந்ததும் காப்பாளன் தயங்குகிறான். பார்சிப் பேரை நோட்டில் எழுதிக்கொள், உனக்கென்ன என்று இவர் கேட்கிறார். தினம் ஒன்றரை ரூபாய்க்குப் பேசி முடிகிறது. மாடியில் ஒரு சின்னப் படுக்கையறை, பக்கத்தில் ஒரு குளியலறை. மாடியின் மற்ற இடமெல்லாம் ஒரே பெரிய கூடம், உடைந்த நாற்காலியும் பலகையும் பெஞ்சுமாகக் குப்பை அடைத்துக் கிடக்கிறது. மின்விளக்கு இல்லை. ஒரு சின்ன லாந்தர், அதன் வெளிச்சம் சில அங்குலம்தான் போகும். அந்தக் குப்பைக்கு நடுவில் உலகம் சுற்றிவந்த படிப்பாளி பொய்ப் பேரில் உட்கார்ந்திருக்கிறார். பத்து நாள். பதினோராம் நாள் காலையில் ஒரு டஜன் பார்சிகள் தடியோடு படியேறி வருகிறார்கள். சாயங்காலத்துக்குள் காலி செய் என்கிறார்கள். இந்து நண்பரும் கிறிஸ்தவ நண்பரும் ஆளுக்கொரு காரணம் சொல்லி நழுவிவிடுகிறார்கள். ஒரு பொதுப் பூங்காவில் உட்கார்ந்திருந்துவிட்டு ராத்திரி ரயிலில் பம்பாய் திரும்புகிறார்.

நம் மேடைகளில் பெரியாருடைய காசிச் சத்திரக் கதையைக் கேட்காத ஆள் இல்லை. 1904-இல் பசியோடு போனவர் பூணூல் மாட்டிக்கொண்டும் உள்ளே நுழைய முடியாமல், மீசை காட்டிக்கொடுத்து வெளியே தள்ளப்பட்ட கதை. சொல்ல வேண்டிய கதைதான், பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். ஆனால் அதே மேடைகளில் பரோடாக் கதையை எத்தனை தடவை கேட்டிருக்கிறீர்கள்? காசியில் மறுக்கப்பட்டது ஒருவேளைச் சோறு. ஈரோட்டில் அவருக்குக் கடை இருந்தது, வீடு இருந்தது, திரும்பி வந்தால் வாசல் திறந்திருந்தது. பரோடாவில் மறுக்கப்பட்டது படுக்க ஒரு கூரை, அதோடு பார்க்கப் போன வேலையும் போயிற்று. இரண்டையும் தராசில் வைத்து யார் அவமானம் பெரிது என்று பார்க்க நான் சொல்லவில்லை. ஒரு கதை எல்லாருக்கும் தெரிந்தும் இன்னொன்று எங்களுக்கு மட்டுமே தெரிந்தும் இருப்பது தற்செயலா என்று கேட்கிறேன்.

திருவல்லிக்கேணி என்றதும் நம் தோழர்களுக்கு ஞாபகம் வருவது 1957. முரளி கபே வாசலில் 'பிராமணாள்' என்ற எழுத்தை அழிக்கச் சொல்லிப் பெரியார் நடத்திய போராட்டம். நாள்தோறும் தொண்டர்கள் கைதானார்கள், கடைசியில் அந்த எழுத்து அழிந்தது. அது பெரிய காரியம். நான் குறைத்துப் பேசவில்லை. போர்டில் எழுதிய சாதியை எதிர்க்க நமக்கு ஓர் இயக்கம் இருந்தது. ஆனால் அதே பேட்டையில், அந்த ஓட்டல்களின் முதுகுப்பக்கம் சந்தில் வாளி போய்க்கொண்டிருந்ததே, அந்த வழிக்கு எந்த மறியல் நடந்தது? முன்வாசல் எழுத்து பிராமணரல்லாதார் எல்லாருக்கும் உறுத்தியது. பின்வாசல் படி எங்களுக்கு மட்டும் உறுத்தியது. இதைச் சொன்னால் பிளவுபடுத்துகிறான் என்பார்கள். பிளவு படிக்கட்டிலேயே இருக்கிறது, இரும்பால் செய்து வைத்திருக்கிறார்கள்.

பரோடாவுக்கும் திருவல்லிக்கேணிக்கும் இடையில் நூறு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. மாறவே இல்லை என்று நான் புலம்பமாட்டேன். என்னைத் தடியோடு யாரும் துரத்தவில்லை. சார் என்று கூப்பிட்டார்கள். ஆனால் ஒன்று தலைகீழாகியிருக்கிறது. 1917-இல் ஒரு பொய்ப் பேர் எழுதிப் பத்து நாள் படுக்க முடிந்தது. இன்றைக்கு முடியாது. அட்டையை நீட்டினால் தெரு வந்துவிடும், காலனி வந்துவிடும். 2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில், காலனி என்ற சொல் ஆதிக்கத்தின் அடையாளமாகவும் வசைச்சொல்லாகவும் ஆகிவிட்டதால் அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் என்று முதலமைச்சர் ஸ்டாலின் அறிவித்தார். நல்லது. சேரி என்ற சொல்லை மாற்றிக் காலனி என்றார்கள். அதுவும் வசையாயிற்று. அடுத்து வைக்கப்போகிற பேரும் எத்தனை நாளைக்கு? ஊருக்கு வெளியே தனியாக வைத்திருக்கிற வரைக்கும் என்ன பேர் வைத்தாலும் மேனேஜருக்குத் தெரிந்துவிடும். தெரியட்டும். என் தெருவின் பேரை மறைத்து முன்னறை வாங்குவதா என் போராட்டம்? அம்பேத்கர் தெரு என்று தெரிந்த பிறகும் க்ரில் திறக்க வேண்டும். அதுதான் கேள்வி.

மாமா அந்தக் காலையில் செய்ததை எழுதிவிடுகிறேன். ஆறு மணிக்கே எழுந்து குளித்து, வெள்ளை வேட்டி கட்டி, சந்துப் பக்கம் திரும்பாமல் உள்பக்க வராந்தாவுக்குப் போனார். க்ரில் பூட்டியிருந்தது. கம்பியைப் பிடித்து ஆட்ட ஆரம்பித்தார். சத்தம் மூன்று மாடிக்கும் கேட்டிருக்கும். கதவுகள் திறந்தன, தலைகள் எட்டிப் பார்த்தன. ரூம் பாய் ஓடிவந்து திறந்தான். சின்னப் பையன், வடக்கத்திக்காரன், அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. மாமா பையைத் தோளில் போட்டுக்கொண்டு முன்படி வழியாக ரிசப்ஷனுக்கு இறங்கினார். மேனேஜர் எழுந்துவிட்டார்.

"பெரியவரே, பின்னாடி வழி இருக்குன்னு சொன்னேனே."

"31 வருசம் பின்னாடி வழியாத்தான் தம்பி போனேன். ரிடேராயிட்டேன்."

கருத்தரங்கில் மாமா பேசினார், கைதட்டினார்கள், ஒரு பேராசிரியை அழுதார். லாட்ஜ் விஷயத்தை நான் மேடையிலேயே சொன்னேன். அரங்கில் சங்கடமான அமைதி. தேநீர் இடைவேளையில் அமைப்பாளர் என் தோளில் கைபோட்டுத் தனியாக அழைத்துப்போனார். "இதை எங்கிட்ட முன்னாடியே சொல்லியிருக்கலாமே தோழர், ரூம் மாத்தியிருப்பேனே" என்றார். அறையை மாற்றுவது அவருக்குச் சுலபம். அந்த லாட்ஜை மாற்றுவதா என்று கேட்டேன். பல வருஷமாக அங்கேதான் போடுகிறோம், வசதியான இடம், வாடகையும் நமக்குக் கட்டுப்படியாகிறது என்றார். கேட்டுக்கொண்டேன். எடுப்புக் கக்கூஸைப் பற்றிப் பேச அழைத்த மனிதரை எடுப்புக் கக்கூஸில் படுக்க வைத்ததைப் பற்றி அந்த அமைப்பின் அறிக்கையில் ஒரு வரி இல்லை. கண்ணீர் விட்டதைப் பற்றி இருந்தது.

இந்த வருஷமும் அழைப்பு வந்திருக்கிறது. மாமாவுக்கும் தனியாக ஒன்று. தங்குமிடம் என்று போட்டு அதே லாட்ஜின் பேர், அதற்குக் கீழே கடற்கரைக்கும் அண்ணா சாலைக்கும் அருகில் என்று குறிப்பு. நான் பதில் எழுதினேன். பேச்சாளர் பட்டியலோடு அறைப் பட்டியலையும் அனுப்புங்கள், யாருக்கு எந்த மாடி, யாருக்கு எந்த வாசல் என்று போடுங்கள், பின்பக்க அறையில் இந்தத் தடவை அமைப்பாளர்களில் யார் படுக்கிறீர்கள் என்றும் எழுதுங்கள் என்று கேட்டிருக்கிறேன். மாமாவிடம் அழைப்பைப் படித்துக் காட்டினேன். தலைப்பைக் கேட்கவில்லை, எவ்வளவு நேரம் பேச வேண்டும் என்றும் கேட்கவில்லை. "க்ரில்லு தொறந்திருக்குமான்னு எழுதிக் கேளு" என்றார். அதையும் சேர்த்து எழுதினேன். மூன்று வாரமாகிறது, பதில் வரவில்லை.